ஆறாம் வகுப்புக்குக் கான்வென்ட்டா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் திருவட்டாறு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அவளைச் சிஸ்டர்மார் நடத்தும் கத்தோலிக்கப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கலாமா, டீச்சர்மார் எப்படி, பாடம் வேறா, இந்துப் பிள்ளைக்கு வேதபாடம் நடத்துவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பத்தாம் வகுப்புக்குத்தான் நம் ஆட்கள் பதறுகிறார்கள். பிள்ளை கணக்கைக் கைவிடுவது பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டில்தான் நடக்கிறது.

முதலில் பாடம். கத்தோலிக்கப் பள்ளிக்கென்று தனிப் பாடத்திட்டம் எதுவும் இல்லை. கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் பள்ளிகள், பங்குப் பள்ளிகள், சிஸ்டர்மார் சபைகளின் கான்வென்ட்கள் என்று நம் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க இருக்கின்றன. அவற்றில் மாநிலப் பாடத்திட்டத்தில் இருக்கிற எல்லாவற்றிலும் அரசுப் பள்ளியில் படிக்கிற அதே புத்தகம்தான். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். சி.பி.எஸ்.இ. போன்ற வேறு பாடத்திட்டப் பள்ளி என்றால் மட்டும் புத்தகம் மாறும்.

அதனால் பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆபீஸில் போய், "என் மகளைச் சேர்க்கப் போவது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்று கேளுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள், ஒரே யூனிஃபார்மில் இரண்டும் இருக்கிற பள்ளிகள் உண்டு. உதவி பெறும் பிரிவில் ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. புத்தகம் இலவசம், பத்தாவது வரை மதிய உணவும் உண்டு. சுயநிதி ஆங்கில வழிப் பிரிவில் ஆசிரியருக்கு நிர்வாகம்தான் சம்பளம் கொடுக்கும், ஃபீஸ் நீங்கள் கட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். ஃபீஸ் கேட்கிற ஜூன் மாதம்தான் மழையில் வெட்டு நிற்கிற மாதமும். முதல் வருடம் எப்படியாவது கட்டிவிடலாம். ஏழு வருடம் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி ஆசிரியர்கள். ஆறு முதல் எட்டு வரை எடுக்கப் பட்டதாரி ஆசிரியர் வேண்டும். அதாவது அந்தப் பாடத்தில் டிகிரி, கூடவே பி.எட். ஆசிரியர் தகுதித் தேர்வில் இந்த வகுப்புகளுக்கு உரியது இரண்டாம் தாள். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தத் தேர்வு கட்டாயமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதை வைத்து நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது யார்? அவர் கணக்கு படித்தவரா?" அந்தப் பணியிடம் காலியாகக் கிடந்து அறிவியல் டீச்சரே கணக்கையும் சேர்த்து எடுக்கிற நிலை பல பள்ளிகளில் இருக்கிறது. சிஸ்டரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பிள்ளையைச் சேர்க்கிற தாய் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். உங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகிற ஏழாம் வகுப்புப் பிள்ளை யாராவது இருப்பாள். அவளுடைய கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். பின்னக் கணக்கு இருக்கிற பக்கத்துக்குப் போங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 'ஐந்தில் இரண்டு' என்று எழுதாத பிள்ளை குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறையுமா என்று அது யோசிப்பதில்லை. அந்த இடத்தில் டீச்சர் என்ன செய்திருக்கிறார்? சும்மா ஒரு பெருக்கல் குறியா, சரியான விடையை மேலே எழுதிவிட்டாரா, அல்லது பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து ஆறு பங்காகப் பிரித்துக் காட்டி, பிள்ளையையே கீழே மறுபடி செய்ய வைத்திருக்கிறாரா? மூன்றாவது மாதிரி நோட்டு கிடைத்தால் அந்தப் பள்ளியை நம்பலாம். ரிசல்ட் பேனரை விட இந்த நோட்டைத்தான் நான் நம்புவேன். தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அது பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் பின்னம் தெரியாமலே ஒருத்தி ஒன்பதாவதுக்கு வந்துவிட முடியும். அதைத் தடுக்கக் கூடியவர் அந்த டீச்சர்தான்.

வேதபாடம் பற்றி உங்கள் பயம் வேண்டாம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கிற நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு வைப்பது வழக்கம். காலையில் பொதுவாக ஒரு ஜெபம் இருக்கும். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறுகிற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது.

இப்போது, நீங்கள் கேட்காத ஒன்று. ஆறாம் வகுப்பில் எடுக்கிற முடிவு பன்னிரண்டாவதுக்குப் பிறகும் பின்னால் வரும். மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளியில் படித்தால் அது கிடையாது. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறதே, அதனால் இதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்து ஏமாந்த பெற்றோர் நிறைய. கல்லூரியில் பெண்பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் உதவி பெறும் பள்ளிக்கும் உண்டு, ஆனால் தமிழ் வழியில் படித்திருந்தால்தான். அரசு வேலையில் தமிழ் வழிக்காரர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறதல்லவா, 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழியாக இருக்க வேண்டும். ஆறாவதில் ஆங்கில வழிக்கு மாறினால் அந்த வாய்ப்பு அன்றோடு போய்விடும்.

என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன். ஆங்கில வழி சுயநிதிப் பிரிவு உங்கள் மகளுக்கு வேண்டாம். ஆங்கிலம் நன்றாக வர வேண்டும் என்றால் நல்ல ஆங்கில டீச்சர் போதும், எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கான்வென்ட்டின் தமிழ் வழி உதவி பெறும் பிரிவையும், பஸ் மாறாமல் போகக்கூடிய அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் அதே கேள்விகளைக் கேளுங்கள், அதே நோட்டைப் பாருங்கள். கணக்கு, அறிவியல் டீச்சர் இரண்டு இடத்திலும் சரியாக இருந்தால் அரசுப் பள்ளியில் போடுங்கள், ஒதுக்கீடும் கையில் இருக்கும். அங்கே பணியிடம் காலியாகக் கிடந்து கான்வென்ட்டில் நல்ல டீச்சர் இருந்தால் தயங்காமல் சிஸ்டரிடம் சேர்த்துவிடுங்கள். கணக்கே வராத பிள்ளைக்கு 7.5 சதவீதத்தால் என்ன லாபம்?

அப்புறம், எங்கே சேர்த்தாலும் ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வை அசட்டையாக விடாதீர்கள். அதில் 55 சதவீதம் இருந்தால் எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டிலும் எழுதலாம், தனியார் சுயநிதிப் பள்ளியில் முடியாது. வருமானச் சான்றிதழை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.