கடைசி பத்து நிமிசம் வேணாம் தம்பி

அண்ணே வணக்கம்,

மலேசியா பஹாவ்ல இருந்து எழுதறேன். போன மாசம் நீங்க அலிகேட்ஸ் பேண்டு பத்தி எழுதினத எங்கம்மாவுக்கு படிச்சு காட்டினேன், ரொம்ப சந்தோசப்பட்டாங்க. ஆனா அதுலயே புது ராப் பசங்களையும் சேத்து பாராட்டியிருந்தீங்க, அதுதான் இப்ப எங்க கமிட்டியில வாக்குவாதம். தீபாவளி முடிஞ்சு மண்டபத்துல ஒரு பாட்டு ராத்திரி வைக்கிறோம். அந்த காலத்து எஸ்டேட் பேண்டுல வாசிச்ச அங்கிள்மாருங்க மூணு பேரு இன்னும் நல்லா வாசிக்கிறாங்க, ஷேடோஸ், பீட்டில்ஸ், அலிகேட்ஸ் பாட்டெல்லாம் வரும். எங்க தாமான் (குடியிருப்பு) பசங்க ரெண்டு பேரு சொந்தமா தமிழ் ராப் எழுதி வச்சிக்கிட்டு மேடை கேக்குறாங்க. "ராஜா பாட்ட எடுத்து நடுவுல கத்துறதெல்லாம் ஒரு பாட்டா"ன்னு பெரியவங்க கோவப்படுறாங்க. கடைசில பத்து நிமிசம் குடுத்து முடிச்சிடலாம்னு பேச்சு. நீங்க என்ன சொல்றீங்க?

ஒரு வாசகர், பஹாவ்

தம்பி,

கடைசி பத்து நிமிசம் வேணாம். நம்ம ஊரு நிகழ்ச்சி எப்படி போகும்னு உங்களுக்கே தெரியும், எட்டுக்கு ஆரம்பிக்கிறோம்னு சொல்லி ஒன்பதாகும், பிரமுகர் பேச்சு, மாலை, பொன்னாடை, சாப்பாடு, பதினொன்ற மணிக்கு பசங்க கையில மைக் வரும்போது பாதி சனம் பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு கார் பக்கம் போயிருக்கும். அதுக்கு பதிலா மேடையில இடமே இல்லன்னு முதல்லயே சொல்லிடலாம்.

கோவப்படுற பெரியவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, அதனாலதான் இத சொல்றேன். அவங்க வாசிக்கிற பாட்டெல்லாம் ஒரு காலத்துல புதுசா வந்து திட்டு வாங்கினதுதான். 1961-ல இங்கிலாந்து பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோட ஷேடோஸ் பேண்டும் சிங்கப்பூர்ல வந்து பாடினாங்க, அதுக்கப்புறம் மலாயா பூரா பசங்க கித்தார் தூக்கிட்டாங்க. பீட்டில்ஸ் பாட்டுல வர்ற 'யே யே'ய வச்சே அந்த அலைக்கு பாப் யே யேன்னு பேரு வந்துச்சு. அப்புறம் சர்ச் (Search), விங்ஸ்னு மலாய் ராக் பேண்டுங்க. 1992-ல நீள முடி வச்ச ராக் பாடகர்கள அரசாங்க டிவியான ஆர்டிஎம்-ல காட்டக்கூடாதுன்னு தடையே போட்டாங்க, முடிய வெட்டின பிறகுதான் டிவி பக்கம் வர முடிஞ்சது. இன்னிக்கு சர்ச் பாடின 'இசாபெல்லா' இல்லாத கல்யாண டின்னர் எங்க இருக்கு சொல்லுங்க?

அலிகேட்ஸையே எடுத்துக்குங்களேன். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், பினாங்கு தமிழ் அண்ணன் தம்பி, ஹாங்காங் கிளப்புல எல்லாம் பாடிட்டு வந்து மலாய்ல பாடி நாடே கொண்டாடின பேண்டு. அவங்களுக்கு நிறைய மெட்டு போட்டு குடுத்த எம். நாசிர் 1957-ல பொறந்தவரு, அந்த பாட்டெல்லாம் வந்தப்ப இருபத்தி சொச்சம் வயசுதான். சின்னப் பையன்னு அவர ஓரமா நிக்க வச்சிருந்தா உங்கம்மா ரசிக்கிற பாட்டுல பாதி வந்திருக்காது. லோகா 2007-ல போயிட்டாரு, அதுக்கப்புறமும் டேவிட் அண்ணன் அந்த பாட்ட விடாம பாடிக்கிட்டு வந்தத நெனச்சா இப்பவும் எனக்கு தொண்ட அடைக்கும்.

ராஜா பாட்ட கெடுக்கிறாங்கன்னு சொல்றாங்க பாருங்க, ராஜாவோட 'மடை திறந்து' பாட்டையே எடுத்துக்குங்க, 1980-ல 'நிழல்கள்' படத்துல வந்தது. படத்துல அத பாடுறது யாரு? வாய்ப்புக்கு அலையற ஒரு இளம் இசையமைப்பாளன், ஒருநாள் நம்ம பாட்ட ஊரே கேக்கும்னு கனவு காண்றவன். 2006-ல யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்துல அத கையில எடுத்தாங்க. மலேசியாவுல இருந்து கிளம்பின அந்த தமிழ் ராப்ப தமிழ்நாட்டு பசங்களும் கேட்டாங்க, ராஜா பாட்டு பக்கமே போகாத எத்தனையோ பசங்க அத கேட்டுட்டு ஒரிஜினல தேடி போனாங்க. ராஜாவுக்கும் எஸ்பிபி-க்கும் இதுல என்ன கொறஞ்சு போச்சு? எனக்கு ரெண்டும் உசுரு.

புதுசா வர்றதெல்லாம் நல்லா இருக்குன்னு நான் சொல்ல வரல. கெட்ட வார்த்தையும் கேங் பெருமையும் மட்டுமே வச்சு ஓட்டுற பாட்டுக்கு உங்க மேடை வேணாம், முன்னாடியே வரிய வாங்கி படிச்சிடுங்க. ஆனா உங்க பசங்க எதப் பத்தி எழுதியிருக்காங்கன்னு யாராவது கேட்டீங்களா? 2021-ல பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடின 'என்ஜாய் எஞ்சாமி' எங்கிருந்து வந்துச்சு, இலங்கை தேயிலை தோட்டத்துல வேல பாத்த அறிவோட பாட்டி கதையில இருந்து. ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டின பாட்டிங்க நம்ம ஊர்லயும் வீட்டுக்கு வீடு இருக்காங்களே.

எங்க மாமா எஸ்டேட் பேண்டுல லீட் வாசிச்சவரு. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு பால் வெட்டப் போவாரு, சாயங்காலம் லயத்து வாசல்ல கப்போக் பிராண்டு கித்தார மடியில வச்சிட்டு ஷேடோஸ் பாட்ட ரேடியோவுல கேட்டு கேட்டே புடிப்பாரு, கம்பி அறுந்தா சிரம்பான் டவுனுக்கு போறவங்க யாராவது வாங்கிட்டு வரணும், அதுவரைக்கும் மிச்ச அஞ்சு கம்பியில ஓடும், ஒரே ஒரு நோட்டு விட்டுப்போனாலும் திரும்ப முதல்ல இருந்து. எங்க எதிர் வீட்டு பையன் இப்ப என்ன பண்றான் தெரியுமா? மெத்தைய சுவத்துல சாச்சு, தலையில போர்வைய போத்திக்கிட்டு, ஃபேன நிறுத்திட்டு ஒரே வரிய ராத்திரி முழுக்க ரெக்கார்ட் பண்றான். வெளிய வரும்போது சட்ட பூரா வேர்வை. மாமா இருந்திருந்தா அவன கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சிருப்பாரு.

அதனால இப்படி பண்ணுங்க. ஒன்பதரைக்கு கூட்டம் நெறஞ்சிருக்கும்போது அங்கிள்மாருங்க ரெண்டு பாட்டு, உடனே பசங்க ரெண்டு பாட்டு, திரும்ப அங்கிள்மாருங்க. நடுவுல ஒரு பாட்டாவது சேந்து பண்ணட்டும், அங்கிள் 'மடை திறந்து' மெட்ட கித்தார்ல புடிக்கட்டும், பசங்க அதுமேல சொந்த வரிய சொல்லட்டும். அதுக்கு ஒத்திகை வேணும், மண்டபத்த முன்னாடியே ரெண்டு சாயங்காலம் தொறந்து விடுங்க. சவுண்ட் சிஸ்டம்காரர்கிட்ட ராப் வரும்போது எக்கோவ சுத்தமா கொறைக்க சொல்லுங்க, நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் எக்கோவ ஏத்தி விட்டுடுவாங்க, அப்புறம் ஒரு வார்த்த புரியாது, பெரியவங்க கத்தல்னு சொல்றதுல பாதி அந்த எக்கோ பண்ற வேல. அங்பாவ் (பணக் கவர்) குடுக்கிறதா இருந்தா அஞ்சு பேருக்கும் ஒரே தொகை, பொன்னாடையும் அஞ்சு பேருக்கும்.

தேதி முடிவானதும் எழுதுங்க, நான் வர்றேன். அம்மாவ முன் வரிசையில உக்கார வைங்க.