உடற்கட்டுக் காணொளிகளும் ஊசி மருந்தும்: ஆம்பூர் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வயது 24. பதினான்கு மாதங்களாகத் தவறாமல் ஜிம்முக்குப் போயும், முட்டையும் கோழிக்கறியும் சாப்பிட்டும் எடை 4 கிலோதான் கூடியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் நான் பின்தொடரும் ஒருவர், தான் மருந்தே தொடாத முழு ‘நேச்சுரல்’ என்றும், 12 வாரப் பயிற்சித் திட்டத்தாலும் தான் விற்கும் பவுடராலுமே 10 கிலோ தசை ஏறியது என்றும் சொல்கிறார். எங்கள் ஜிம் மாஸ்டரோ, “அவர் கோர்ஸ் போட்டவர், நீயும் ஒரு டெஸ்ட் கோர்ஸ் போடு, டாக்டர் மேற்பார்வை உண்டு” என்கிறார். கோர்ஸ் என்பது சில வாரங்களுக்கு ஊசி போடுவதாம், டெஸ்ட் என்பது டெஸ்டோஸ்டீரோனாம். யாரை நம்புவது? அடுத்த ஆண்டு எனக்குத் திருமணம்.

பதில்: படத்தைப் பார்த்து ஒருவர் ஸ்டீராய்டு (டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் அல்லது அதைப் போன்ற மருந்து) போட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல என்னாலும் முடியாது. ஆனால் அவர் சொல்லும் கணக்கை எடைபோட முடியும். 1996-இல் அமெரிக்காவில், எடை தூக்கிப் பழகிய 43 ஆண்களைக் குழுக்களாகப் பிரித்து 10 வாரங்கள் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. உடற்பயிற்சியே செய்யாமல், வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோன் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 3 கிலோ கூடியது. மருந்தில்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது சுமார் 2 கிலோதான். மருந்தும் பயிற்சியும் சேர்ந்தபோதே ஏறக்குறைய 6 கிலோ. அப்படியிருக்க, ஊசியே இல்லாமல் 12 வாரத்தில் 10 கிலோ தசை என்பது நம்பத்தக்க பேச்சு அல்ல. உங்களுடைய 4 கிலோதான் உண்மையான உடலின் கணக்கு. அதைத் தோல்வி என்று எண்ணி வருந்தாதீர்கள்.

‘லிவர் கிங்’ என்ற பெயரில் அமெரிக்காவில் புகழ்பெற்ற பிரையன் ஜான்சன், பச்சை ஈரலும் ஆதிமனித வாழ்க்கை முறையுமே தன் உடலுக்குக் காரணம் என்று சொல்லிச் சத்துப்பொருள்களை விற்றுவந்தார். மாதம் 11,000 டாலருக்கு மேல் மருந்துக்குச் செலவிடுவதாக அவர் எழுதிய மின்னஞ்சல்கள் வெளியான பிறகே, 2022 டிசம்பரில், ஸ்டீராய்டு எடுப்பதை ஒப்புக்கொண்டார். அகப்படும் வரை உண்மை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊசியைச் சொல்லிவிட்டால் பவுடரை வாங்க ஆள் இராது. பொய்க்குக் காரணம் அவ்வளவுதான். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசு வழிகாட்டுதலும் வெளியிட்டது. பவுடர் கம்பெனி தந்த பணத்தைச் சொல்லச் சொல்லும் நாம், தசையை வளர்த்த மருந்தைச் சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை. விதி எழுதுபவர்களுக்கு இந்த ஓட்டை கண்ணில் படாதது எனக்கு மிகுந்த சலிப்பைத் தருகிறது.

நம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இலும் தங்கம் வென்றார். அத்தகைய வீரர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டவர்கள், போட்டி இல்லாத நாள்களிலும் அவர்களிடம் சிறுநீர் மாதிரி கேட்கலாம். கைப்பேசியில் ‘நேச்சுரல்’ என்று சொல்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அகப்பட்டுக்கொண்ட சிலர் இப்போது, “குறைபாடு இருந்ததால் டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்டோஸ்டீரோன்” என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு விதிவிலக்கு உண்மையிலேயே உண்டு என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொன்னுக்குவீங்கி வந்து விதைகள் கெட்டவர்கள், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள், பிறவியிலேயே குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஹார்மோன் தேவைப்படலாம். அதற்கும் அறிகுறிகள் இருக்க வேண்டும். காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாள்களில் இரண்டு முறை இரத்தம் எடுத்து இரண்டிலும் அளவு குறைவாக இருக்க வேண்டும். காரணத்தையும் தேட வேண்டும். அப்போதும் வாரத்துக்கு 75 முதல் 100 மில்லிகிராம் வரை கொடுத்து இயல்பான அளவுக்குக் கொண்டுவருவதே நோக்கம், அதற்கு மேலே ஏற்றுவது அல்ல. மேலே சொன்ன ஆய்வின் அளவு இதைப்போல ஆறு முதல் எட்டு மடங்கு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வெளியிலிருந்து ஊசி போட்டு வந்தால் மூளை விதைகளுக்கு ஆணையிடுவதை நிறுத்திவிடும். ஊசியை நிறுத்தியதும் அளவு சரியும், அந்தச் சரிவைக் காட்டியே குறைபாட்டுச் சீட்டு வாங்கிவிடுகிறார்கள். காயத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு மருந்து கேட்பதை நான் சிகிச்சை என்று ஏற்கமாட்டேன்.

உங்கள் மாஸ்டரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. காணொளிக்காரர் பொய்யர் என்று அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அந்த ஒரு உண்மையைச் சொல்லித்தான் தன் சரக்கை உங்களிடம் தள்ளுகிறார். ‘டாக்டர் மேற்பார்வை’ என்றால் டாக்டர் பெயரையும், அவர் கைப்பட எழுதிய சீட்டையும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சீட்டில்லாமல் விற்கக் கூடாத இந்த மருந்துகள் ஜிம் அலமாரிக்கு வந்து சேர்கின்றன, கேட்பவர் இல்லை. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. மாட்டுக்காகத் தயாரித்த ட்ரென்போலோன், அறுவை அரங்கில் இரத்த அழுத்தத்தை உயர்த்தப் போடும் மெபென்டர்மின் ஆகியவையும் இந்த வழியில்தான் இளைஞர்களிடம் வருகின்றன. ஒரே குப்பி, ஒரே ஊசி என்று நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்ஐவியும் தொற்றும். “கோர்ஸ் முடிந்ததும் இன்னொரு மாத்திரை போட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்” என்ற உறுதிமொழியை நம்பவே வேண்டாம்.

திருமணத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. ஸ்டீராய்டு அந்த உற்பத்தியை அடக்கிவிடும். சிலருக்கு எண்ணிக்கை அறவே இல்லாமல் போகும். நிறுத்திய பின் மீண்டு வர ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். மார்பு பெருத்தல், நல்ல கொழுப்பு குறைதல், இரத்தம் கெட்டியாதல், இதயத் தசை தடித்தல் ஆகியவையும் உண்டு.

மாஸ்டரிடம் முன்பணம் கொடுத்திருந்தால், அது போனால் போகட்டும். ஏற்கெனவே ஒரு ஊசியாவது போட்டிருந்தால் குப்பியைத் தூக்கி எறியாமல் எடுத்துக்கொண்டு, வேலூரிலோ ஆம்பூரிலோ ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்று, ஒளிக்காமல் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், கல்லீரல், கொழுப்பு, இரத்த அடர்த்தி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நிறுத்தி மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நிறுத்திய வாரங்களில் மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைத் தாங்க முடியாமல்தான் பலர் மறுபடியும் ஊசிக்குத் திரும்புகிறார்கள்.