நப்பின்னை என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இவ்வளவு பழைய பெயரை ஏன் இன்று யாரும் வைப்பதில்லை?

பிறந்து இரண்டு மாதமான மகளுக்கு நப்பின்னை என்று பெயரிட விரும்புவதாகவும், வீட்டுப் பெரியவர்கள் "வாயில் நுழையாத பெயர்" என்று மறுப்பதாகவும், பெயரின் பொருளும் வரலாறும் தெரிந்தால் அவர்களிடம் எடுத்துச் சொல்ல உதவும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 49 ஆண்டுகளாக இந்தப் பெயரோடு வாழ்ந்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் தமிழில் முதுகலை படித்ததே என் பெயருக்கு விளக்கம் சொல்லத்தான் என்று என் கணவர் கேலி செய்வதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

பெயரின் முதலில் நிற்கும் 'ந' சிறப்புப் பொருளைத் தரும் முன்னொட்டு. கீரர் நக்கீரர் ஆனதும், செள்ளையார் நச்செள்ளையார் ஆனதும், முல்லைப்பாட்டைப் பாடிய பூதனார் நப்பூதனார் ஆனதும் இந்த எழுத்தால்தான். அடுத்து வரும் வல்லினம் மிகுவதால் இடையில் 'ப்' தோன்றுகிறது. அதை நீக்கினால் எஞ்சுவது 'பின்னை'. அதாவது நப்பின்னை என்றால் நல்ல பின்னை. பின்னை என்பதற்குப் பின் பிறந்தவள், தங்கை என்று பொருள். மூதேவி மூத்தவள் என்பதால் அவளுக்குப் பின் வந்த திருமகளைப் பின்னை என்பது பழைய வழக்கு. பின்னலோடு தொடர்புபடுத்தி, அழகிய சடையை உடையவள் என்று விளக்குவோரும் உண்டு. கண்ணனின் தேவியாகத் தமிழ் இலக்கியம் பாடும் நப்பின்னையின் பெயர் வரும் இடங்களில் கூந்தலும் புகழப்படுகிறது என்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். கூந்தல் புகழப்படாத தலைவி தமிழில் எவள் இருக்கிறாள் என்பதே என் கேள்வி. ஆகவே தங்கை என்ற பொருளையே நான் ஏற்கிறேன்.

இலக்கியத்தில் அவளை நாம் நெருங்கிப் பார்க்கும் இடம் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை. மதுரையின் ஆயர் சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, ஏறுகளின் கண்களில் நீர் வழிகிறது, ஏதோ தீங்கு வரப்போகிறது என்று இடைக்குல முதுமகள் மாதரி அஞ்சுகிறாள். கறவையும் கன்றும் துயர் நீங்குவதற்காக, மாயவனும் (கண்ணன்) அவன் தமையனும் (பலதேவன்) "வேல்நெடுங்கண் பிஞ்ஞையோடு ஆடிய குரவை"யை நாமும் ஆடுவோம் என்று பெண்களை அழைக்கிறாள். அன்னை என்பதை அஞ்ஞை என்றும் வழங்கியதைப் போல, பின்னை இங்கே பிஞ்ஞை ஆகியிருக்கிறாள். வட்டமாக நிற்கும் ஏழு பெண்களுக்கும் ஏழு இசை நரம்புகளின், அதாவது சுரங்களின், பெயர்களைச் சூட்டி, குரல் என்பவளை மாயவன் என்றும், இளி என்பவளைப் பலதேவன் என்றும், துத்தம் என்பவளைப் பின்னை என்றும் மாதரி வகுக்கிறாள். ஏழு நரம்புகளின் வரிசையில் குரலுக்கு அடுத்து நிற்பது துத்தம். மாயவனுக்குப் பக்கத்திலேயே பின்னை நிற்க வேண்டும் என்பது அன்றைய கேட்போருக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். சீவக சிந்தாமணியிலும், ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையைச் சீவகனுக்குத் தர முன்வரும்போது, திருமால் நப்பின்னையை மணந்ததை முன்மாதிரியாகக் காட்டுகிறான். சமண முனிவர் பாடிய காப்பியத்தில்கூட எடுத்துக்காட்டாக வரும் அளவுக்கு அந்தத் திருமணம் தமிழ் மண்ணில் அறிமுகமாகியிருந்தது.

ஏழு ஏறுகளைத் தழுவி அடக்கியதால் கண்ணன் அவளை மணந்தான் என்பது கதை. பாகவதத்திலும் ஏழு காளைகள் வருகின்றன. ஆனால் அங்கே மணப்பெண் கோசல மன்னன் நக்னஜித்தின் மகள் சத்யா. தமிழ் வைணவ மரபிலோ அவள் யசோதையின் உடன்பிறந்தான் கும்பனின் மகள், அதாவது கண்ணனுக்கு முறைப்பெண். திருப்பாவையின் 18ஆம் பாசுரத்தில் ஆண்டாள் அவளை "நந்தகோபாலன் மருமகளே" என்று அழைத்துவிட்டு, "உன் மைத்துனன் பேர்பாட" வந்திருக்கிறோம் என்று சொல்வதைக் கவனித்தால், மாமன் மகளை மணக்கும் நம் ஊர் உறவுமுறை அப்படியே அந்தப் பாட்டுக்குள் இருப்பது தெரியும். அவளைத் 'தமிழ்நாட்டு ராதை' என்று எழுதுவதை நான் ஒப்புவதில்லை. ராதையின் கதை பிருந்தாவனத்துச் சோலைகளில் நடப்பது. நப்பின்னையோ ஒரு குடும்பத்தின் மருமகள், அவளைத் தேடி வரும் பெண்கள் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார்கள்.

இந்தப் பாசுரத்துக்கு வைணவ மரபில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. திருப்பாவையை இடைவிடாமல் ஓதியதால் திருப்பாவை ஜீயர் என்று அழைக்கப்பட்ட இராமாநுசர், "உந்து மதகளிற்றன்" என்று பாடியபடி தம் ஆசாரியர் பெரிய நம்பியின் வீட்டு வாசலுக்கு வந்தாராம். "சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்" என்ற இடத்தில் அவர் இருந்தபோது, கையில் வளைகள் குலுங்கப் பெரிய நம்பியின் மகள் அத்துழாய் கதவைத் திறக்க, நப்பின்னையே வந்துவிட்டாள் என்று மயங்கி விழுந்தாராம். எங்கள் வீட்டில் நடப்பது சற்று வேறு. மார்கழி பதினெட்டாம் நாள் அதிகாலையில் நான் குளியலறையில் இருக்கும்போது, என் தம்பி கதவைத் தட்டி "நப்பின்னாய், கடை திறவாய்" என்று ராகத்தோடு பாடுவான். அவனுக்கு இப்போது 45 வயது. பொங்கலுக்கு முன்னதாகவே ஊருக்கு வந்துவிட்டால் இன்றும் பாடுகிறான்.

இனி, ஏன் அரிது என்ற கேள்வி. மறந்துபோன பெயர் என்பதால் அரிது என்று சொல்ல முடியாது, ஏனெனில் ஆண்டுதோறும் மார்கழியில் 18, 19, 20ஆம் நாட்களில் பெருமாள் கோயில்களிலும் வீடுகளிலும் எண்ணற்றோர் இதைப் பாடுகிறார்கள். ஆனால் பாடியவர்கள் தங்கள் பெண்களுக்கு ஆண்டாள், கோதை, அலமேலு என்று வைத்தார்கள். ஆசாரியர்கள் நப்பின்னையைத் திருமாலின் தேவியரில் ஒருவரான நீளாதேவியின் அவதாரமாகக் கொண்டதால், வடமொழிப் பெயரே சடங்குக்குரிய பெயராக நிலைத்தது. பராசர பட்டர் திருப்பாவைக்கு அருளிய தனியனே (ஓதத் தொடங்குமுன் சொல்லும் வாழ்த்துப் பாடல்) 'நீளா' என்றுதான் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், 1916இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின் தூய தமிழ்ப் பெயர்களைத் தேடியவர்கள் கயல்விழி, தேன்மொழி, பூங்கொடி என்று அழகையும் இயற்கையையும் நாடினார்கள். அவர்கள் கண்ணுக்கு இது தமிழ்ப் பெயராக இருந்தாலும் பக்திப் பெயர். பக்தர்களுக்கோ இது போதிய அளவு சடங்குப் பெயராக இல்லை. இரு தரப்புக்கும் நடுவில் நின்றதால் இருவருமே எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இன்னும் வலுவாகத் தோன்றும் காரணம் வேறொன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை வந்த பிறகுதான் வானதியும் பூங்குழலியும் வீடுகளுக்குள் வந்தார்கள், ஏனென்றால் அவர்கள் பேசினார்கள், கோபித்தார்கள், படகு செலுத்தினார்கள். நப்பின்னை எங்குமே பேசுவதில்லை. திருப்பாவையில் மூன்று பாசுரங்களில் அவளை எழுப்புகிறார்கள், கெஞ்சுகிறார்கள், ஒரு கட்டத்தில் "தத்துவம் அன்று தகவு" (இது உனக்குத் தகாது) என்று கடிந்தும்கொள்கிறார்கள்; அவள் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூட வருவதில்லை. தன் குரலில் ஒரு கதையும் இல்லாத பெண்ணின் பெயரைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோருக்குத் தோன்றாமல் போயிருக்கலாம்.

ஒலியும் ஒரு தடை என்பதை மறைக்க விரும்பவில்லை. கஞ்சனை நப்பி என்பார்கள்; நப்பாசை என்ற சொல்லும் இருக்கிறது. பள்ளியில் என் மிட்டாயை நான் பங்கு கொடுக்காத நாளெல்லாம் நப்பியாகவே இருந்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு தமிழாசிரியர் வருகைப் பதிவேட்டில் என் பெயரைக் கண்டதும் நிறுத்தி, மூன்று பாசுரங்களையும் வகுப்பில் பாடிக் காட்டினார். அதன் பிறகு கேலி குறைந்தது. இன்று இந்தப் பெயரைப் பொதுவெளியில் காண்பது அரிதென்றாலும், இணையக் குற்றச் சட்டத்தில் பெயர் பெற்ற உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர் நப்பின்னை என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லலாம். பழைய பெயர் இக்காலத்துக்கு ஒவ்வாது என்ற வாதம் அங்கேயே அடிபடும்.

பெயரை வைப்பதென்று முடிவு செய்தால் ஒரு காரியத்தை மட்டும் முதலிலேயே தீர்த்துவிடுங்கள். பிறப்பைப் பதிவு செய்த 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம் என்பதால் அவசரமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது 'ப்'புக்கும் 'ன்'னுக்கும் இரட்டை எழுத்து போடுவதா வேண்டாமா என்பதை ஒரு முறை முடிவு செய்து, எல்லா ஆவணங்களிலும் அதையே பின்பற்றுங்கள். என் பள்ளிச் சான்றிதழில் ஒரு 'ப்' இல்லை, வாக்காளர் அட்டையில் ஒரு 'ன்' இல்லை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டில் கூப்பிடப் 'பின்னை' போதும்; என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.