இரண்டு விடையுள்ள கணக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துபவள். சக அறிவியல் ஆசிரியர்களுக்குச் சுற்றுச்சூழல் நலம், பணியிட நலம் பற்றி ஐந்து நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மருத்துவர், பொறியாளர், தீயணைப்பு அதிகாரி என்று உரைகளுக்கு ஆள் பிடித்துவிட்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. சுற்றுச்சூழல் சரி, காற்றும் நீரும் எல்லோருக்கும் பொது. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தொழிற்சாலைத் தூசியைப் பற்றி எதற்குச் சொல்லித்தர வேண்டும்? வந்து உட்காரும் ஆசிரியர்களுக்குத்தான் நாங்கள் என்ன கற்றுத்தருவது?

ஒரு வேதியியல் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் இரண்டாகப் பார்ப்பது ஒரே பாடம்தான். ஆலைச் சுவருக்கு உள்ளே அடர்த்தியாக இருக்கும் அதே பொருள் வெளியே நீர்த்துப்போய் இருக்கிறது. அதனால் நோய் உள்ளே இருப்பவருக்கு முதலில் வருகிறது. சிறுவயதில் புகைபோக்கி துடைத்தவர்களுக்கு வளர்ந்தபின் விரைப்பையில் புற்றுநோய் வருவதை லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார். அந்தப் புகைக்கரியில் இருந்த, புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனை நிலக்கரித் தாரிலிருந்து வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தது 1930களில்தான். கல்நார், பென்சீன் கதைகளும் இப்படித்தான். தொழிலாளியின் உடம்பு முதலில் சொன்னது, ஆய்வகம் பிறகு ஆமோதித்தது. தவிர, சுவர் ஒன்றும் அவ்வளவு உறுதியானதல்ல. ஈயத் தூசி வேலை உடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்து குழந்தையின் இரத்தத்தில் ஏறிவிடுகிறது. அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையும் இரண்டொரு வருடத்தில் ஏதோ ஒரு பணியிடத்தில் நிற்கப்போகிறவர்தானே? சிலர் விடுமுறைகளில் இப்போதே நிற்கிறார்கள்.

இனி ஆசிரியர்கள். மருத்துவர் நோய்களை வரிசையாகச் சொல்வார், பொறியாளர் படங்கள் காட்டுவார், எல்லோரும் குறிப்பெடுப்பார்கள், குறிப்பேடு அலமாரிக்குப் போகும். அறிவியல் ஆசிரியருக்குத் தகவல் பஞ்சம் இல்லை. அவருடைய சிக்கல் வேறு: ஒரு கேள்விக்கு ஒரு சரியான விடை என்று வாழ்நாள் முழுவதும் பழகியவர் அவர். இந்தத் துறையோ அப்படி நடந்துகொள்வதில்லை. அந்தச் சங்கடத்தை அவர் வகுப்பறையில் முதன்முதலாகச் சந்திக்கக் கூடாது. உங்கள் பயிற்சியிலேயே சந்தித்துவிட வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். அரங்கில் இருப்பவர்களை இரண்டு அணியாகப் பிரித்து இருவருக்கும் ஒரே கணக்கைக் கொடுங்கள்: நூறு டெசிபல் இரைச்சலுள்ள இயந்திரத்தின் அருகே ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் நிற்கலாம்? முதல் அணிக்கான விதி, 85 டெசிபலில் எட்டு மணி நேரம், ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். இரண்டாம் அணிக்கு, 90 டெசிபலில் எட்டு மணி நேரம், ஒவ்வொரு ஐந்து டெசிபலுக்கும் பாதியாகும். முதல் அணி பதினைந்து நிமிடம் என்னும். இரண்டாம் அணி இரண்டு மணி நேரம் என்னும். எதிரணி தப்பாகப் போட்டுவிட்டது என்று ஒரு சச்சரவு எழும். எழட்டும், உடனே தலையிடாதீர்கள்.

பிறகு சொல்லுங்கள். இரண்டுமே அமெரிக்காவில் வழங்கும் வரம்புகள். 1970இல் நிறைவேறிய ஒரே சட்டத்தின் இரண்டு பிள்ளைகளான நியோஷ், ஓஷா என்ற பணியிட நல அமைப்புகள் முறையே சொல்பவை. முன்னது ஆராய்ந்து பரிந்துரைப்பது, பின்னது விதி போட்டு அபராதம் விதிப்பது. ஒலி ஆற்றல் மூன்று டெசிபலுக்கு இரட்டிப்பாகிறது என்று இயற்பியல் ஆசிரியர் எழுந்து முதல் அணிக்கு வாதாடுவார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கண்டிப்பான 85 டெசிபலிலும் நாற்பது வருடம் வேலை செய்தால், வயதால் வருவது போக, இரைச்சலால் மட்டும் நூறில் எட்டுப் பேருக்குச் செவித்திறன் பாதிக்கப்படும் என்று நியோஷே 1998இல் கணக்கிட்டிருக்கிறது. 90 என்றால் இருபத்தைந்து பேர். அந்த எட்டுப் பேரை ஏற்கலாம் என்று முடிவு செய்தது யார்? எந்தச் சமன்பாட்டிலும் அதற்கு விடை வராது. எங்கே அளவீடு முடிந்து எங்கே மனிதர்களின் முடிவு தொடங்குகிறது என்பதைக் காட்டத் தெரிந்த ஆசிரியர், நாளைக்குக் குடிநீர் பற்றியோ பூச்சிமருந்து பற்றியோ வரம்பு எண் ஒன்றைச் செய்தியில் பார்க்கும்போது மாணவர்களை என்ன கேட்க வைப்பது என்றும் அறிவார். என்னைக் கேட்டால் இதற்கே ஒரு முழு நாளை ஒதுக்குவேன்.

இன்னொன்று, புற ஊதா ஒளியில் மினுங்கும் தூள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு குடுவையின் கழுத்தில் தடவி வையுங்கள். வழக்கமான சோதனை ஒன்றைச் செய்யச் சொல்லி, தேநீர் இடைவேளையும் விட்டு, விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் பிடியுங்கள். கைபேசியில், பேனா மூடியில், காதோரத்தில், உதட்டோரத்தில் எல்லாம் மினுங்கும். கையுறை போட்டவரின் மூக்குக் கண்ணாடியிலும் இருக்கும், கையுறையோடு அதைச் சரிசெய்திருப்பார். நஞ்சு எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதற்கு இதற்குமேல் உரை வேண்டியதில்லை.

என்ன செய்யலாம் என்று அப்போது கேட்டால் முகக்கவசம், கையுறை என்றுதான் முதலில் பதில் வரும். பணியிட நலத் துறையில் அவை கடைசி வரி. பொருளையே நீக்க முடியுமா, மாற்ற முடியுமா, காற்றை உறிஞ்சி வெளியேற்ற முடியுமா, வேலை முறையை மாற்ற முடியுமா என்று பார்த்துத் தீர்ந்த பிறகுதான் கவசம்.

உரையாளர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம்; மூன்றாம் நாளுக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். அதற்குள் ஆசிரியர்களிடம் கேள்விகள் சேர்ந்திருக்கும். சுவரொட்டிப் போட்டி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் தம் பள்ளி ஆய்வகத்தின் வேதிப்பொருள் அலமாரியை நினைவிலிருந்து பட்டியலிடட்டும். யாரும் தொடாத பாதரசக் குப்பியும், பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டிகளும் நிச்சயம் வெளியே வரும்.

அழைப்புப் பட்டியலில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார். அந்தப் புட்டிகளை நாள்தோறும் எடுத்துவைத்து, கரைசல் தயாரித்து, கழுவிக் கொட்டுபவர் ஆய்வக உதவியாளர். உங்கள் பள்ளியில் அதிக நஞ்சு படுவது அவர் மீதுதான். அவரையும் ஐந்து நாளும் உட்கார வையுங்கள்; பணி நாளாகவே கணக்கிட வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.