∛16 + ∛54 − ∛250: இதற்கு விடை எப்படி 0 ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மூன்றையும் ஒரே கன மூலக்குறிக்குள் (∛) போட்டு ∛(−180) என்று முடித்திருக்கிறீர்கள். கீழக்கரையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைத்தான் செய்வார்கள். பெருக்கலில் அப்படிச் சேர்க்கலாம்: ∛4 × ∛54 = ∛216 = 6. கூட்டல், கழித்தலில் அது செல்லாது.

உள்ளே இருக்கும் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒரே எண் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று இருந்தால் ஒன்றாக வெளியே வரும், மிச்சம் உள்ளேயே இருக்கும்.

16 = 2×2×2×2, எனவே 2∛2
54 = 3×3×3×2, எனவே 3∛2
250 = 5×5×5×2, எனவே 5∛2

இப்போது எல்லாவற்றிலும் ∛2 இருப்பதால் கெழுக்களை, அதாவது ∛2-க்கு முன்னால் நிற்கும் எண்களை மட்டும் கூட்டிக் கழிக்கலாம். 2 + 3 − 5 = 0. அவ்வளவுதான்.

வர்க்கமூலம் போட்டுப் பழகிய கை, 54-இல் இரண்டு 3-ஐப் பார்த்ததுமே 3∛6 என்று எழுதிவிடும். அங்கே ஜோடி போதும், இங்கே மூன்று வேண்டும்.

அப்புறம், ஏன் உள்ளுக்குள் கூட்டக் கூடாது? நம் பக்கம் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு ஏது! கனசதுரமாக இரண்டு தொட்டிகள், 16 கன அடி ஒன்று, 54 கன அடி ஒன்று என்று வையுங்கள். பக்கம் ஏறக்குறைய 2.52 அடி, 3.78 அடி. ஒட்டி வைத்தால் நீளம் 6.3 அடி. 250 கன அடித் தொட்டியின் பக்கமும் அதே 6.3 அடிதான். ஆனால் சின்னத் தொட்டிகள் இரண்டிலும் சேர்த்து 70 கன அடி, கிட்டத்தட்ட 2,000 லிட்டர்தான் பிடிக்கும். பெரியதில் 7,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அந்த 70-ஐ ஒரே தொட்டியில் ஊற்றினால் பக்கம் ∛70, சுமார் 4.12 அடி. நீளத்தைக் கூட்டுவது வேறு, தண்ணீரைக் கூட்டுவது வேறு. கன மூலம் என்பது நீளம்.

குறை எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: ∛(−16) = −2∛2. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கும்போது வரும் சிக்கல் இதில் இல்லை.

∛16 + ∛24 என்று வந்தால் 2∛2 + 2∛3. உள்ளே வேறு வேறு எண், கூட்ட முடியாது. வேண்டுமானால் 2(∛2 + ∛3) என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.