"வீடு போயிரும்க்கா" – ஒரு கடிதமும் என் பதிலும்

வணக்கம்க்கா,

நான் மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்துல (தொழிலாளர் குடியிருப்பு வரிசைதான்) இருந்து எழுதுறேன், பேரு போட்றாதீங்க. வயசு 23, டவுன்ல ஒரு ஹோம்ஸ்டேல ரிசப்ஷன்ல இருக்கேன். பிரச்சனை என் தம்பிக்கு. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், நல்லாத்தான் படிச்சான். பிளஸ் ஒன்ல காமர்ஸ் கெடச்சுது, புக்கு இங்கிலீஷ், டீச்சர் சொல்லிக்குடுக்குறது மலையாளம், அங்கதான் விட்டான். போன வருஷம் பிளஸ் டூல அக்கவுண்டன்சியும் இங்கிலீஷும் போச்சு. போன பேப்பரை உடனே திரும்ப எழுதுற ஸே எக்ஸாமுக்குப் பணம் கட்டிட்டேன்னு சொன்னான், கட்டல. அதுல இருந்து வீட்டுலயேதான் கெடக்கான். விடிய விடிய போனு, மழை பேஞ்சா சுத்தமா தூக்கம் இல்ல. 2020-ல பெட்டிமுடி மண்சரிவுல எங்க சொந்தக்காரங்க போயிட்டாங்க, அவன்கூட விளையாண்ட பசங்களும் அதுல உண்டு. அதப்பத்திப் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிருவான்.

அப்பா இல்ல. அம்மா ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். வீட்டுல ஒருத்தர் எஸ்டேட்ல பேர் குடுக்கலைன்னா லயத்தைக் காலி பண்ணணும், வீடு போயிரும்க்கா. அம்மா அவனைத் தோட்டத்துல சேரச் சொல்றாங்க, மாமா ஜீப் ஓட்டச் சொல்றார், நான் ஐடிஐ சேக்கலாம்னு பாத்தேன். ஜாதி சர்டிபிகேட் கேட்டாங்க, அதுக்கு அலைஞ்சா 1950-க்கு முன்னாடியே இங்க வந்ததுக்கு ப்ரூஃப் கொண்டான்னு சொல்றாங்க. தாத்தா சங்கரன்கோவில் பக்கம், எந்த வருஷம் மலையேறுனார்னு யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தன்னம்பிக்கை வர்ற மாதிரி நீங்க ஒரு லெட்டர் எழுதுனா படிப்பான்க்கா, நீங்க எழுதுறத அவன் படிக்கிறவன்தான்.

*

தங்கச்சி,

தன்னம்பிக்கை லெட்டர் மட்டும் நான் எழுத மாட்டேன், கோவிச்சுக்காத. அந்த வயசுப் பையனுக்கு எல்லாரும் குடுக்குறது அது ஒண்ணைத்தான், ஏன்னா அதுக்குக் காசு செலவில்ல. இங்க போடியில ரிசல்ட் சீசன் வந்தா ஏதாவது ஒரு மண்டபத்துல வழிகாட்டி கேம்ப் நடக்கும், கோட்டு போட்ட ஒருத்தர் மைக்க புடிச்சு உன்னால முடியும் உன்னால முடியும்னு ஒரு மணி நேரம் கத்துவார், பசங்க கை தட்டும், தக்காளி சாதம் பொட்டலம் குடுத்து அனுப்பிருவாங்க. ஆதார்ல பேரு தப்பா இருந்தா எங்க போறதுன்னு அதுல ஒரு புள்ள எந்திரிச்சுக் கேட்டா மேடையில பதில் இருக்காது. உன் தம்பிக்கு நம்பிக்கை குறைச்சல்னு எனக்குத் தோணல, அவனுக்குக் குறைச்சலா இருக்குறது நாலு பேப்பரும் கூட வர்ற ஒரு ஆளும்.

முதல்ல தூக்கத்தைப் பேசிருவோம், அதை நீ லெட்டர்ல நடுவுல ஒளிச்சு வச்சிருக்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மண்ணு சரிஞ்சு லயம் லயமாப் போயி 70 உசுரு போச்சு. அன்னைக்கு உன் தம்பிக்கு பதிமூணு பதினாலு வயசு இருக்கும். அந்த வயசுல கூட விளையாண்டவனை மழை ராத்திரியில எழந்த பையன் இன்னைக்கும் தகரத்துல மழை விழுந்தா முழிச்சுக்கிட்டு இருக்கான்னா அதுக்குப் பேரு சோம்பேறித்தனம் கெடையாது, போன் பைத்தியமும் கெடையாது, தூக்கம் வராதவன் கையில போன் இருக்கத்தான் செய்யும். வீட்டுல எல்லாரும் போனைப் புடுங்குனா சரியாயிரும்னு நெனைக்கிறாங்க, தயவுசெஞ்சு புடுங்காதீங்க.

14416-னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ், மனசு கஷ்டத்துக்குப் பேசுற உதவி லைன், சென்ட்ரல் கவர்மென்ட் 2022-ல ஆரம்பிச்சது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, காசு கெடையாது, தமிழ் வேணும்னா தமிழ்லயே பேசலாம். கேரளாவுல 1056 திசா லைனும் இருக்கு. அவன் பண்ண மாட்டான்னு எனக்கும் தெரியும், அதனால முதல் தடவை நீயே பண்ணு, தம்பி இப்படி இருக்கான் நான் என்ன பண்ணணும்னு கேளு, குடும்பத்துக்காரங்க கூப்பிட்டாலும் பேசுவாங்க. நேர்ல பாக்கணும்னா ஜில்லா மனநல திட்டத்துல டாக்டர்ங்க குறிப்பிட்ட நாள்ல ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கா வருவாங்க, உங்களுக்குப் பக்கத்துல எங்க எந்தக் கிழமைன்னு அடிமாலி தாலுகா ஆஸ்பத்திரியில கேட்டா சொல்லிருவாங்க. மெண்டல் டாக்டர்னு லயத்துல பேசுவாங்கன்னு அம்மா பயந்தா, தூக்கத்துக்கு மாத்திரை வாங்கப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ. பொய்யும் இல்ல.

இப்ப ஜாதி சர்டிபிகேட். இதுல உன்னை அலையவிட்டவங்க பாதியத்தான் சொல்லியிருக்காங்க. எஸ்சி பட்டியல் ஸ்டேட் ஸ்டேட்டா இருக்குறது, 1950 ஆகஸ்ட்ல ஜனாதிபதி உத்தரவு வந்தப்ப ஒரு குடும்பம் எந்த ஸ்டேட்ல நிரந்தரமா இருந்துச்சோ அந்த ஸ்டேட்லதான் அந்தச் சலுகை, அப்புறமா வேற ஸ்டேட்டுக்குப் போனவங்க அதைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாதுன்னு 1990-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. கொழுந்து கிள்ள ஆள் வேணும்னு கங்காணி வச்சுக் கூட்டிட்டு வந்தப்ப யாரும் தேதி எழுதிக் குடுக்கல, எழுபது வருஷம் கழிச்சு பேரன்கிட்ட தேதி கேக்குறாங்க. எனக்கு இதை நெனச்சா வயிறு எரியும், ஆனா வயித்தெரிச்சலை வச்சு வில்லேஜ் ஆபீஸ்ல ஒண்ணும் நடக்காது, அதனால தேடு. தாத்தாவோட கூடப்பிறந்தவங்க யாராவது இங்க ஸ்கூல்ல படிச்சிருந்தா அந்த அட்மிஷன் ரிஜிஸ்டர் பக்கம், எஸ்டேட் ஆஸ்பத்திரியில பொறந்த பதிவு, எஸ்டேட் ஆபீஸ்ல பழைய தொழிலாளர் ரிஜிஸ்டர், தாத்தா வழியில யாருக்காவது முன்னாடியே குடுத்த ஜாதி சர்டிபிகேட், இதுல ஒண்ணு சிக்குனாக்கூட பிடிச்சுக்கிட்டு தாசில்தார் வரைக்கும் போகலாம். யூனியன்ல பழைய ஆளுங்க யாராவது இருந்தா கேளு, இதே பேப்பர தேடி முன்னாடி ஜெயிச்ச குடும்பம் எதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

1950-க்கு அப்புறம்தான் வந்தாங்கன்னு ஆனாக்கூட கதை முடியல. கேரளா சலுகை கெடைக்காது, ஆனா சென்ட்ரல் கவர்மென்ட் வேலைக்குன்னு இருக்குற சர்டிபிகேட் ஃபார்ம்ல வேற ஸ்டேட்ல இருந்து வந்தவங்களுக்குன்னே தனியா ஒரு பத்தி இருக்கு, அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ தமிழ்நாட்டுல குடுத்த சர்டிபிகேட்டை வச்சு அதை வாங்கலாம். ரயில்வே, பேங்க் இதுக்கெல்லாம் அது செல்லும். அதனால சங்கரன்கோவில் பக்கம் இருக்குற பங்காளிங்களோட பேச்சுவார்த்தையை விட்றாதீங்க, கல்யாணம் காட்சிக்காவது போயிட்டு வாங்க.

அதோட இன்னொண்ணு, ஐடிஐல சேர ஜாதி சர்டிபிகேட் கட்டாயம்னு யாரு சொன்னா? ரிசர்வேஷனுக்கும் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகைக்கும்தான் அது வேணும். பொது சீட்டுக்கு எஸ்எஸ்எல்சி புக்கு போதும், பிளஸ் டூல போனதை அங்க யாரும் கேக்க மாட்டாங்க. சர்டிபிகேட் வந்தப்புறம் அப்ளிகேஷன் போட்டுக்கலாம்னு உக்காந்தீங்கன்னா ஒரு வருஷம் போயிரும், அப்ளிகேஷனைப் போட்டுட்டு சர்டிபிகேட்டுக்கு அலைங்க. அரசு ஐடிஐல ஃபீஸும் பெருசா இருக்காது. கட்டப்பனையில கவர்மென்ட் ஐடிஐ இருக்கு, எலக்ட்ரீசியன் ரெண்டு வருஷம், பிளம்பர் ஒரு வருஷம், எந்தெந்த ஐடிஐல எந்த ட்ரேடுன்னு அக்ஷயாவுல (கேரளா அரசு இ-சேவை மையம்) உக்காந்து பாத்துக்கோ. உன் ஹோம்ஸ்டேல கெய்சர் கெட்டா எத்தனை நாள் ஆள் தேடுறீங்கன்னு யோசிச்சுப் பாரு, மூணாறு மலையில ரிசார்ட்டுக்குப் பஞ்சமில்ல, ரிப்பேர் ஆளுக்குத்தான் பஞ்சம்.

அப்ளிகேஷனுக்கு முன்னாடி பேரைச் சரி பாரு. மலைக்காட்டுக் குடும்பங்கள்ல நான் திரும்பத் திரும்பப் பாக்குற கூத்து இது, அப்பா பேரு ஆதார்ல கருப்பையா, ரேஷன் கார்டுல கறுப்பய்யா, எஸ்டேட் பிஎஃப் ஸ்லிப்ல வெறும் கருப்பன், பையனோட எஸ்எஸ்எல்சி புக்குல 'கே'னு ஒரு எழுத்து. நாலும் ஒரே ஆள்தான்னு சொல்ல ஒன் அண்ட் ஸேம் சர்டிபிகேட்னு வில்லேஜ் ஆபீஸ்ல குடுப்பாங்க, அக்ஷயாவுலயே போட்டுறலாம். எஸ்எஸ்எல்சி புக்குல என்ன இருக்கோ அதுக்கு மத்ததை இழுத்துட்டு வா, புக்கை மாத்தப் போகாத. அந்த அலைச்சல் வேற.

பிளஸ் டூவை விட்றவும் வேண்டாம். ஸே விட்டுப்போச்சுன்னா அடுத்த மார்ச் பரிட்சையில கம்பார்ட்மெண்டலா எழுதலாம், பாஸான பேப்பரை மறுபடி எழுத வேண்டியதில்ல, அந்த ரெண்டு பேப்பர்தான். படிச்ச ஸ்கூல்லயே போயி எப்ப ஃபீஸ் கட்டணும்னு கேக்கணும், அவன் போகக் கூச்சப்படுவான், நீ கூடப் போ. இந்தத் தடவை பணத்தை நீயே கட்டிரு, அவன் கையில குடுக்காத, இது நம்பாம இல்ல, ஆபீஸ் கவுண்டர்ல நின்னு மலையாளத்துல பேசுறதுதான் அவனுக்கு மலையா இருந்திருக்கும். அக்கவுண்டன்சியைத் தமிழ்ல சொல்லித்தர தேனிப் பக்கம் ஆள் கெடைக்கும், சாயங்காலம் வீடியோ கால்ல போதும், நானே ஒரு டீச்சர்கிட்ட கேட்டு வைக்கிறேன்.

(இதைப் படிக்கிற மத்தவங்க உடனே அவங்க தமிழ்நாட்டுக்கே வந்துறலாமே, இங்க மேல படிக்கிற புள்ளைங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா குடுக்குறாங்களேன்னு எழுதுவீங்க, முன்னாடியும் எழுதியிருக்கீங்க. 2022-ல வந்த புதுமைப்பெண்ணும் சரி 2024-ல வந்த தமிழ்ப்புதல்வனும் சரி தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிப் பள்ளிக்கூடத்துல ஆறாவதுல இருந்து படிச்ச புள்ளைங்களுக்குத்தான். 1956 நவம்பர் 1-ல ஸ்டேட் எல்லைக் கோடு போட்டப்ப தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட நின்னுருச்சு, அந்தப் பக்கம் தமிழ்ல படிச்ச புள்ளைக்கு இந்தப் பக்கம் கணக்குல இடமில்ல.)

ஆனா அந்தப் பக்கம் தமிழுக்கும் ஒரு கணக்கு இருக்கு, அதை உங்க ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியல. மொழிச் சிறுபான்மைக்காரங்க கேரளா பிஎஸ்சி (அரசு வேலைக்கு ஆள் எடுக்குற தேர்வாணையம்) பரிட்சையைத் தமிழ் கேள்வித்தாள்ல எழுதலாம். தமிழும் மலையாளமும் தெரிஞ்சவங்களுக்குன்னே கிளார்க் போஸ்ட்டுக்குத் தனி நோட்டிபிகேஷன் வரும். பிஎஸ்சியோட துளசி சைட்ல அவன் பேரை ஒரு தடவை ரிஜிஸ்டர் பண்ணி வை, உன் பேரையும் சேத்துப் பண்ணு. ரெண்டு பாஷையும் சரளமாப் பேசுற ஆளு நீ, ரிசப்ஷன்ல தினமும் அதைத்தான பண்ற.

வீட்டு விஷயம்தான் கஷ்டம், இதுல எனக்கும் சுலபமான பதில் இல்ல. லயம்ங்கிறது வேலைக்குக் குடுத்த எடம், வேலை போனா எடம் போகும், அந்தப் பயத்துலதான் ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளையைத் தோட்டத்துக்கு நேந்துவிடுது. அம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன், 2015-ல மூணாறுல தோட்டத்துப் பொம்பளைங்க ரோட்டுல உக்காந்து போனஸ் கேட்டு ஜெயிச்சப்பவும் இந்த வீட்டுப் பயம் அவங்க கூடவேதான் உக்காந்திருந்துச்சு. நான் சொல்றது, ரெண்டு வருஷம் இருக்குல்ல, அந்த ரெண்டு வருஷத்துல அவன் எலக்ட்ரீசியனா வெளிய வந்துருவான், இன்னைக்கே ஏன் பேர் குடுக்கணும். வீடில்லாதவங்களுக்கான கேரளா அரசோட லைஃப் வீட்டுத் திட்டத்துக்குப் புதுசா அப்ளிகேஷன் வாங்குறாங்களான்னு பஞ்சாயத்துல இப்ப இருந்தே கேட்டுக்கிட்டே இருங்க. ரெண்டு வருஷம் கழிச்சும் வேற வழியில்லன்னா அப்பவும் தோட்டம் அங்கதான் இருக்கும். மாமா சொல்ற ஜீப்பும் கேவலமில்ல, லைசென்ஸ் எடுத்து வைக்கட்டும், சீசன்ல ஓட்டட்டும், ஆனா மழைக்காலத்துல வண்டி நிக்கும்போது வீட்டுல வேற ஒரு வருமானம் வேணும், அது மாமாவுக்கே தெரியும்.

முதல்ல வில்லேஜ் ஆபீஸ். அவனையும் கூட்டிட்டுப் போ, பேசச் சொல்லாத, ஃபைலை மட்டும் அவன் கையில குடு. ஒரிஜினல் ஒரு கவர்லயும் ஜெராக்ஸ் ஒரு கவர்லயும் தனித்தனியா இருக்கட்டும், ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்கங்க. முடியாதுன்னு சொன்னா வாயால சொல்றதை வாங்கிட்டு வராத, எழுதிக் குடுங்கன்னு கேளு. மனுவைத் தமிழ்லயே எழுதலாம், கேரளா ஆட்சிமொழிச் சட்டத்துலயே தமிழ்ச் சிறுபான்மைக்காரங்களுக்கு அந்த உரிமை இருக்கு. என்ன எழுதிக் குடுத்தாங்கன்னு ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.