அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் 1995 முதல் இன்றுவரை ஒரே அணிதானா?

பெயர் ஒன்றுதான், அணி ஒன்றல்ல. குழப்பம் அங்கேதான்.

அமெரிக்கக் கால்பந்தை 50 கெஜ நீளத் திடலில், பக்கத்துக்கு எட்டுப் பேருடன், கூரைக்கடியில் ஆடும் ‘அரீனா கால்பந்து’ முறையை உருவாக்கியவர் ஜிம் ஃபாஸ்டர். அவரே 1995-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகரான டி மொய்னில் இந்த அணியைத் தொடங்கினார். ஆடுகளமான வெட்டரன்ஸ் அரங்கை ஊரார் ‘தி பார்ன்’, அதாவது களஞ்சியம், என்றே அழைத்தார்கள்.

முதல் மூன்று ஆண்டுகள்தான் பொற்காலம். மளிகைக் கடையில் இரவு முழுக்கப் பொருள் அடுக்கிக்கொண்டிருந்த கர்ட் வார்னர் இங்கே குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், ஆனார். 1996, 1997 இரண்டிலும் அணி இறுதிப் போட்டிக்குப் போய்த் தோற்றது. குறுகிய திடலில் யோசிக்க நேரமே கிடைக்காது. பந்து சட்டென்று கையைவிட்டுப் போக வேண்டும். அந்த வேகம் வார்னருக்குக் கைகொடுத்தது என்பது என் கணிப்பு. 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்காக, அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல்-இன் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்று, 414 கெஜம் பந்தெறிந்து, ஆட்ட நாயகனும் ஆனார்.

அணிக்கோ அந்த யோகம் இல்லை. 2001 பருவத்துக்குள் அது இடம்மாறி நியூயார்க் டிராகன்ஸ் ஆகிவிட்டது. அதே ஆண்டு இரண்டாம் நிலை லீக்கில் அதே பெயரில் வந்த அணி ஒரு பருவத்தோடு நின்றுபோனது. 2008-இல் பெயர் மீண்டும் உயிர்பெற்றது. 2010-இல் அரீனா கால்பந்து லீக், 2015-இல் இண்டோர் (உள்ளரங்க) கால்பந்து லீக் என்று மாறிய அந்த அணி, 2018-இல் சூ ஃபால்ஸ் ஸ்டார்ம் அணியை 69-68 என்று ஒரே புள்ளியில் வீழ்த்தி அந்த லீக்கின் கோப்பையை வென்றது.